சாவா மூவாப் பேராடுகள்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பகுதிகளில் குடியிருப்போர் கூடி எழுப்பிய ஆலயங்கள் பலவற்றில் மாதச் சந்தாவினால்தான் விளக்கு எரிகிறது. சந்தாதாரர் வீடு மாறிச் சென்றால் எண்ணெய்க்குத் தட்டுப்பாடுதான்.

சோழர் காலத்தவர் வேறு வழி கண்டனர். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்கின்றன கல்வெட்டுகள். இறந்தவற்றைக் குட்டிகள் ஈடுசெய்தமையால் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். முதல் குறையவில்லை, வட்டியோ நெய்யாகவே வந்தது! நெய் விலை ஏறினாலும் விளக்குக்குக் கவலையில்லை.

இன்றைய கட்டளை வைப்புநிதிக்கு அக்காப்பு இல்லை. 1,000 ரூபாய் அளித்தவர் பெயர் சுவரில் நிலைத்திருக்கிறது. அதன் ஓராண்டு வட்டியோ ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கும் போதாது. சந்தாவை எண்ணெயாகவே பெறும் ஆலயக் குழுவினர் இக்கணக்கை அறிந்தவர்களே.