இசைக்கடையில் அடாப்டரையும் பாருங்கள்
அலுவலக வேலையாக டோக்கியோ சென்றபோது, ஒரு ஞாயிறன்று எலக்ட்ரானிக்ஸ் பொருள்கள் பார்க்க அகிஹபாரா கிளம்பினேன். அதற்கு அடுத்த ரயில் நிலையமான ஓச்சானோமிசுவில் தெரு நெடுக இசைக்கருவிக் கடைகள், வாசல்வரை கிடார்கள். அகிஹபாரா மறந்தே போனது!

தங்கைக்காக ஒரு பெரிய கீபோர்டு வாங்கப் பணத்தையும் எடுத்துவிட்டேன். தற்செயலாக அடாப்டரைத் திருப்பினால், 100 வோல்ட் மட்டும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். செருகியிருந்தால் கருகியிருக்கும். (லேப்டாப் அடாப்டரில் பெரும்பாலும் 100-240 என்றிருக்கும். அந்த நினைப்பில் ஏமாறத் தெரிந்தேன்.)

கடைசியில் வாங்கியது 25 கட்டைகள் கொண்ட மிடி கீபோர்டு. மின்சாரம் யூஎஸ்பி வழியே கம்ப்யூட்டரிலிருந்தே கிடைக்கிறது. ஆனால் இது தானாக ஒலிக்காது. எந்தக் கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்துகிறீர்கள் என்பதை 0 முதல் 127 வரையான எண்களாக அனுப்பும், அவ்வளவுதான். ஒலியை உண்டாக்குவது கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருள். 1983-இல் வந்த இந்த மிடி முறை இன்றும் புழக்கத்தில் உள்ளது.

வீட்டில் விண்டோஸ் கம்ப்யூட்டரில் இணைத்தால், கட்டையை அழுத்திச் சற்றுப் பிறகே ஒலி வந்தது. "இதில் எப்படி அண்ணா வாசிப்பது?" என்று தங்கை முகம் சுளித்தாள். கோளாறு கீபோர்டில் இல்லை. ஏசியோ ஃபார் ஆல் என்ற இலவச டிரைவரை நிறுவி, பஃபர் அளவை 256 சாம்பிளாகக் குறைத்தேன். மிகவும் குறைத்தால் ஒலி கரகரக்கும். அன்றிரவே சரளி வரிசை தொடங்கிவிட்டாள்.