நோயாளியும் வைத்தியசாலையும்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும்பொழுது, வள்ளுவர் வைத்தியத்தை நான்கு கூறாக வகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து அதனைக் கொடுப்பவன் என்பன அந்நான்கும். இவற்றுள் முதலில் வைத்து எண்ணப்பட்டவன் வைத்தியன் அல்லன், நோயாளியே என்பது நாம் ஊன்றி நோக்கத் தக்கது. வைத்தியர் எத்துணை வல்லவராயினும், மருந்து எத்துணை உயர்ந்ததாயினும், நோயாளி தன் கடமையில் வழுவினால் ஏனைய மூன்றும் பயனற்றுப் போம்.

நம் நாட்டில் வைத்தியரையும் மருந்தையும் பணிசெய்யும் தாதியரையும் அரசாங்கமே இலவசமாகத் தருகிறது. இது எளிதில் வந்த செல்வம் அன்று. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் நிலைகொண்டு, ஆங்கில வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கி, தமிழிலேயே மாணாக்கருக்கு வைத்தியம் கற்பித்தார். 1850இல் அரசாங்க அதிபராயிருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக்கின் முயற்சியால் எழுந்த மருத்துவமனையே இன்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையாக வளர்ந்து நிற்கிறது. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் நீக்கப்பட்டது. 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் முறை வந்தது; 1977இல் அதுவும் ஒழிந்தது. அன்று தொட்டு ஏழையும் செல்வரும் ஒரே வாயிலால் நுழையும் இடமாக அரசாங்க வைத்தியசாலை விளங்கி வருகிறது.

இத்தகைய வசதியை நாம் எவ்வாறு பயன்படுத்துகிறோம்? அவசியமின்றிப் பெரியாஸ்பத்திரியில் நெருக்குகிறோம். அவசியம் வந்தபொழுது காலந் தாழ்த்துகிறோம். கொடுத்த கடதாசிகளைத் தொலைத்துவிடுகிறோம். இவற்றால் விளையும் தீங்கு சிறிதன்று என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறுவேன்.

ஒரு மூதாட்டியின் கதை

எம்மூரில் எழுபது வயது கடந்த மூதாட்டி ஒருவர் இருக்கிறார். சலரோகம் என்று நம்மவர் வழங்கும் நீரிழிவு அவருக்குப் பல ஆண்டுகளாக உண்டு. மாதந்தோறும் அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்குக்குச் சென்று மருந்து எடுத்து வருவார். கொழும்பிலிருந்து வந்த மகன், தாய்மீது கொண்ட அன்பினால், அவரைத் தனியார் நிலையம் ஒன்றில் வேறொரு வைத்தியரிடமும் காட்டினான். கிளினிக் கொப்பியை எடுத்துச் செல்ல வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. அங்கும் குளிசைகள் எழுதிக் கொடுக்கப்பட்டன. மூதாட்டியார் இரண்டு பொதியிலுள்ளவற்றையும் தவறாது விழுங்கி வந்தார்.

ஐந்தாம் நாள் இரவு அவருக்கு உடல் வியர்த்தது, கை நடுங்கியது, மகனையே யாரென்று கேட்டார். அயலவர் ஓட்டோ ஒன்றில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினர். "அம்மா என்னென்ன மருந்து எடுக்கிறவ?" என்று வைத்தியர் வினவினார். "ஒரு சின்ன வெள்ளைக் குளிசை, ஒரு பெரிய வெள்ளைக் குளிசை, டொக்டர்" என்றான் மகன். மருந்துகளில் முக்காற் பங்கும் வெள்ளைக் குளிசைகளே அன்றோ! வைத்தியர் குருதியைச் சோதித்து, சர்க்கரை மிகத் தாழ்ந்திருப்பதைக் கண்டு, உடனே குளுக்கோசு ஏற்றி உயிரைக் காத்தார். ஆயினும் காரணம் தெரியவில்லை.

மறுநாட் காலையில் மகள், வீட்டிலிருந்த குளிசைகள் யாவற்றையும் ஒரு பையில் இட்டுக் கொண்டு வந்தாள். அப்பொழுதுதான் உண்மை வெளிப்பட்டது. கிளினிக்கில் கொடுத்ததும் தனியார் நிலையத்தில் வாங்கியதும் ஒரே மருந்து. பெயர் மட்டுமே வேறு. ஒரு பெட்டியில் மருந்தின் பொதுப்பெயர் இருந்தது. மற்றதில் கம்பனி இட்ட வியாபாரப் பெயர் முன்னே பெரிதாக நின்றது. மூதாட்டியார் நாள்தோறும் இருமடங்கு மருந்து உட்கொண்டிருக்கிறார். அந்தப் பை வந்திராவிடின், அவர் சுகமடைந்து வீடு திரும்பி, மீண்டும் அதே இரண்டையும் விழுங்கியிருப்பார். அடுத்த முறை வைத்தியசாலை வரை வந்து சேர்ந்திருப்பாரோ என்பது ஐயமே.

இதில் குற்றவாளி எவரும் இலர். மகனது அன்பு பொய்யன்று. வைத்தியர் இருவரும் தத்தம் கடமையைச் செய்தனர். இருவருக்கும் இடையே செல்ல வேண்டிய செய்தி ஒன்று செல்லவில்லை. அச்செய்தியைக் கொண்டு செல்லக் கூடியவர் நோயாளியும் அவர் வீட்டாருமே.

கொண்டு செல்ல வேண்டியவை

ஆதலின், வைத்தியரைக் காணச் செல்லும் எவரும், அரசாங்க நிலையமாயினும் தனியார் நிலையமாயினும், கிளினிக் கொப்பி, முன்னர் விடுதியிலிருந்து வெளியேறியபோது கொடுத்த நோய் நிர்ணய அட்டை, அண்மையிற் செய்த இரத்தப் பரிசோதனை முடிவுகள், இப்பொழுது எடுக்கும் மருந்துகள் ஆகியவற்றை ஒரே உறையில் இட்டுக் கொண்டு செல்ல வேண்டும். எந்த மருந்தேனும் முன்னர் உடலுக்கு ஒவ்வாது போயிருப்பின், அதன் பெயரைக் கொப்பியின் முதற் பக்கத்திற் பெரிதாக எழுதி வைத்தல் நன்று. நாட்டு வைத்தியரிடம் பெற்ற சூரணமோ குடிநீரோ உட்கொள்வோர் அதனையும் மறைத்தலாகாது. வைத்தியர் கோபிப்பார் என்ற அச்சம் வேண்டாம்; அறியாத மருந்தே அவரை வழிதவறச் செய்யும்.

நோயைச் சொல்லும் முறையும் ஒன்றுண்டு. எப்பொழுது தொடங்கியது, எவ்விடத்தில், எதனாற் கூடுகிறது, எதனாற் குறைகிறது, முன்னர் வந்ததுண்டா என்னும் ஐந்தையும் வரிசையிலே நிற்கும்போதே மனத்தில் ஒழுங்குபடுத்திக் கொள்ளலாம். வெளிநோயாளர் பிரிவில் வைத்தியர் ஒருவர் காலையில் நூற்றுக்கு மேற்பட்டோரைப் பார்க்க நேர்வதுண்டு. கிடைக்கும் சில நிமிடங்களை அயல்வீட்டுக் கதையிற் கழித்தல் நமக்கே நட்டம். வைத்தியர் சொன்னது விளங்காவிடின், மறுபடி கேட்பதில் வெட்கம் இல்லை. சிங்களம் மட்டுமே அறிந்த வைத்தியர் கடமையாற்றும் இடமாயின், அம்மொழி தெரிந்த உறவினர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நலம். இல்லையேல் தமிழறிந்த தாதியின் துணையைத் தயங்காது கேட்க வேண்டும்.

எங்கே செல்வது?

நம் நாட்டில் எவரும் எந்த அரசாங்க வைத்தியசாலைக்கும் செல்லலாம், தடையில்லை. ஆயினும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்கென அமைந்தது. ஊரிலுள்ள ஆரம்ப மருத்துவ பராமரிப்பு நிலையமும் பிரதேச வைத்தியசாலையும் இருமல், சாதாரணக் காய்ச்சல், புண்ணுக்கு மருந்து கட்டல் முதலியவற்றுக்குப் போதுமானவை. அவற்றுக்கு மேலாக, நிபுணர்கள் கடமையாற்றும் ஆதார வைத்தியசாலைகள் உள. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகியவற்றில் உள்ளவை அவ்வகையின. அவற்றினும் மேலானவை கிளிநொச்சி, மன்னார் போன்ற மாவட்டப் பொது வைத்தியசாலைகள். யாவற்றுக்கும் மேலாக யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் போதனா வைத்தியசாலைகள் விளங்குகின்றன. தெல்லிப்பழையிலுள்ள புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு, 2011ஆம் ஆண்டு தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டப்பட்ட நிதியால் எழுந்தது. தெற்கும் வடக்கும் சேர்ந்து ஈந்த கொடை அது.

தடிமனுக்காகப் பெரியாஸ்பத்திரியில் நிற்கும் ஒருவர், நெடுந்தீவிலிருந்து கடல் கடந்து வந்த நோயாளியின் நேரத்தையும் பங்கிட்டுக் கொள்கிறார். ஊர் வைத்தியர் முதலிற் பார்த்து, தேவையெனக் கண்டு கடிதம் கொடுத்து அனுப்பும் நோயாளிக்குப் பெரிய இடத்திலும் வழி எளிதாகும்.

நோய் வருமுன் காக்கும் வேலைக்கெனச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஒவ்வொரு பகுதியிலும் உண்டு. 1926இல் களுத்துறையில் தொடங்கிய இம்முறையே, வீடு தேடிவரும் குடும்பநல உத்தியோகத்தரையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் நமக்குத் தந்தது. கர்ப்பிணிகளின் கவனிப்பு, குழந்தைகளின் தடுப்பூசி ஆகியவை இதன் வழி நடைபெறுகின்றன. 35 வயதை எட்டிய பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டியே அறியும் பரிசோதனையும் இலவசமாகச் செய்யப்படுகிறது. இதற்குச் செல்ல நம் தாய்மார் நாணுகின்றனர். காலத்தில் அறிந்தால் தீர்க்கக் கூடிய நோய்க்கு நாணத்தால் உயிரை ஈதல் தகுமா?

காலந் தாழ்த்தலாகாதவை

சில நோய்களிற் காலமே மருந்து. நெஞ்சை அழுத்தும் வலியோடு வியர்வையும் வந்தால், அது வாய்வு என்று இஞ்சி பிழிந்து கொடுத்துக் காத்திருத்தல் கூடாது. முகம் ஒருபுறம் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் அது பாரிசவாதம். மூளைக்குச் செல்லும் குருதிக் குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்து, நோய் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றப்பட வேண்டும். அதுவும் வசதியுள்ள பெரிய வைத்தியசாலைகளிலேயே இயலும். ஆதலின் நோய் தொடங்கிய நேரத்தைக் குறித்துக் கொண்டு உடனே புறப்பட வேண்டும்.

பாம்பு கடித்தால், கடிவாயைக் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் தீங்கே. கடியுண்ட உறுப்பை அசையாது வைத்து, விரைந்து கொண்டு செல்லுதலே முறை. நாய் கடித்தால், சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியரைக் காண வேண்டும். விசர்நோய் தோன்றிய பின் அதற்கு மருந்தில்லை. தோன்றுமுன் தடுக்கும் ஊசியோ அரசாங்க வைத்தியசாலையில் இலவசம். காய்ச்சல் மூன்றாம் நாளும் நீடித்தால், டெங்கோ எனக் காண இரத்தத்தைச் சோதிப்பித்தல் வேண்டும். அக்காலத்தில் பரசிற்றமோல் தவிர, அஸ்பிரின் முதலிய வலிநீக்கிகளைக் கடையில் வாங்கிக் கொடுத்தல் ஆபத்து. குருதிப் பெருக்கை அவை தூண்டும். டெங்குக் காய்ச்சல் தணியும் நாளே அதிக அபாயமான நாளாதலும் கூடும். ஆகவே காய்ச்சல் விட்டது என்று மகிழ்ந்து குழந்தையை விடுதியிலிருந்து வற்புறுத்தி அழைத்து வருதல் பெருந்தவறு.

வாகனம் இல்லை என்னும் கவலையும் இன்று குறைந்துளது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018இல் வடக்குக்கும் வந்த அம்புலன்ஸ் சேவையை, 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்துப் பெறலாம். அதற்குக் கட்டணம் இல்லை. வரும் வழியிலேயே முதற் சிகிச்சையும் கிடைக்கும். அழைப்பவர் பதறாது, ஊர், வீதி, அருகிலுள்ள கோயில் அல்லது பாடசாலை ஆகியவற்றைத் தெளிவாகச் சொன்னால் அதுவே பேருதவியாகும்.

விடுதியிலும் வீட்டிலும்

விடுதியில் நோயாளியைப் பார்க்கக் குறித்த நேரம் உண்டு. ஊரவர் பத்துப்பேர் கட்டிலைச் சூழ்ந்து நிற்பது அன்பின் அடையாளமாயினும், நோயாளியின் ஓய்வையும் அயற்கட்டிலில் இருப்பவரின் அமைதியையும் அது கெடுக்கும். சிறு குழந்தைகளை அங்கே கொண்டு செல்லலாகாது. வைத்தியர் அனுமதிக்காத உணவை மறைத்துக் கொடுப்பதும் அன்பாகாது.

துண்டு வெட்டும் நாளில் நம்மவர் வீடு செல்லும் அவசரத்திலேயே இருப்பர். அன்றுதான் மிகுந்த கவனம் வேண்டும். எந்தக் குளிசை எத்தனை நாளைக்கு, உணவுக்கு முன்னா பின்னா, அடுத்த கிளினிக் எந்நாள், எவ்வகைக் குறி தோன்றினால் உடனே திரும்பி வர வேண்டும் என்னும் நான்கையும் தாதியிடம் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் வைத்தியசாலைகளிலே மருந்துகள் அருகிப் போனதை நாம் மறந்திலோம். அக்காலத்திற் பலர், கிடைக்கவில்லை என்று மருந்தையே நிறுத்திவிட்டனர். மருந்து கிடையாத வேளை, அதற்கு ஈடான வேறு மருந்து எது என வைத்தியரையே கேட்க வேண்டும். விலை குறைந்த பொதுப்பெயர் மருந்து தரங் குறைந்தது என்னும் எண்ணமும் தவறு. மருந்தைப் பொதுப்பெயரால் வாங்கி வழங்கும் கொள்கைக்காக உழைத்தவர் பேராசிரியர் சேனக்க பிபிலே. அவர் வழியில் 1971இல் அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. அதன் ஒசுசல கடைகளை இன்றும் காண்கிறோம். பொதுப்பெயரை அறிந்திருந்தால், எம்மூர் மூதாட்டிக்கு நேர்ந்தது எவருக்கும் நேராது.

குறை கண்டால் கூறுவதும் நம் உரிமையே. அதனை விடுதியில் உரத்த குரலில் தாதியிடம் கூறுவதிலும், வைத்தியசாலைப் பொறுப்பதிகாரிக்கு நாளும் நேரமும் குறித்து எழுதுவதிற் பயன் அதிகம்.

மாணவர்க்கு ஒரு வேலை

இதனை வாசிக்கும் மாணவர் இன்றே செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. வீட்டிலுள்ள பாட்டனார், பாட்டியாரின் மருந்துகளை எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றின் பொதுப்பெயர், அளவு, எடுக்கும் வேளை, எதற்காக என்பவற்றை ஒரு தாளில் தெளிவாக எழுதுங்கள். ஒரே பெயர் இருமுறை வந்தால், எதனையும் நீங்களாக நிறுத்தாமல், பெற்றோரிடம் கூறி வைத்தியரிடம் காட்டச் செய்யுங்கள். எழுதிய தாளைக் கிளினிக் கொப்பியினுள் வையுங்கள். அரைமணி நேர வேலைதான்.

எம்மூர் மூதாட்டியார் இன்று சுகமாக இருக்கிறார். அவரது கொப்பியின் முதற் பக்கத்தில், பத்தாம் வகுப்பிற் படிக்கும் பேர்த்தி எழுதிய பட்டியல் ஒட்டப்பட்டிருக்கிறது. சென்ற மாதம் கிளினிக்கில் வைத்தியர் அதனை வாசித்துவிட்டு, "இதை எழுதினது யார்?" என்று கேட்டாராம். மூதாட்டியார் வீடு வந்து அதனைப் பேர்த்திக்குச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். வள்ளுவர் சொன்ன நான்கு கூறுகளுள், அருகிலிருந்து மருந்து கொடுப்பவரின் இடத்தை அச்சிறுமியே நிரப்பிவிட்டாள்.