வானில் கிடைத்த மதுக் கோப்பை: கழக்கூட்டத்தின் வளைகுடா நினைவுகள்

புதுதில்லி: நாடாளுமன்றத்தில் விமானப் போக்குவரத்து பற்றிய விவாதம் எப்போது நடந்தாலும், கேரள உறுப்பினர்கள் வளைகுடா கட்டணத்தைப் பற்றிப் பேசாமல் அமர்வதில்லை. ஓணம் வந்தால் கட்டணம் பன்மடங்கு உயர்கிறது என்பார்கள். கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதில்லை என்று அமைச்சர் பதில் அளிப்பார். ஆட்சிகள் மாறியும் இந்தக் கேள்வியும் பதிலும் மாறவில்லை.

ஆனால், திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் பேச்சு வேறிடத்தில் தொடங்கியது. டெக்னோபார்க் வருவதற்கு முன்பே, எண்பதுகளில் அபுதாபிக்கு வெல்டராகச் சென்றவர் அவர். அன்று ஏர் இந்தியாவில் ஏறி அமர்ந்தால் மது வண்டி வரும் என்று கண்கள் விரியச் சொன்னார். இரண்டாண்டு வெயிலில் மேஸ்திரியின் அதட்டலை மட்டுமே கேட்டுவந்தவரிடம், என்ன வேண்டும் என்று ஒருவர் குனிந்து கேட்ட முதல் இடம் அந்த விமானமாம். மகாராஜா சின்னம் தம்மைத்தான் வணங்குவதாக அன்று நினைத்தாராம்.

கட்டன் சாயாவுடன் வந்த மனைவிக்கு அந்த ஏக்கத்தில் பங்கில்லை. ஒருமுறை விமானத்திலிருந்து தள்ளாடி இறங்கியவர், தூக்கிக்கொண்டு போயிருந்த மகனை யார் குழந்தை என்று கேட்டதை அவர் மறக்கவில்லை. 1996 ஏப்ரல் 1-இல் கேரளத்தில் சாராயம் தடை செய்யப்பட்டபோது, விமானத்துக்கும் அது பொருந்துமா என்று கேட்டதாகச் சொன்னார். கேள்வி வேடிக்கையானதன்று. மது மாநிலப் பட்டியலில் இருக்கிறது. விமானப் போக்குவரத்து மத்தியப் பட்டியலில். மதுவிலக்கை நோக்கி முயல வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு சொல்கிறது. உள்நாட்டு விமானங்களில் மது வழங்க அனுமதி இல்லை. எல்லை தாண்டினால் உண்டு.

பீரின் பெயரைத் தாங்கி 2005-இல் பறந்த கிங்ஃபிஷர் நிறுவனமே உள்நாட்டில் பீர் வழங்க முடியவில்லை. அதன் தலைவர் விஜய் மல்லையா அப்போது மாநிலங்களவை உறுப்பினர். 2012-இல் அந்த விமானங்கள் நின்றன.

கழக்கூட்டத்துக்காரர்களின் கோப்பையைப் பறித்தது சட்டமன்று. 2005 ஏப்ரல் 29-இல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் முதல் விமானம் திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்குப் புறப்பட்டது. குறைந்த கட்டணம் என்பது கேரளத்தின் நெடுநாள் கோரிக்கை. கட்டணம் குறைந்தது, உபசாரமும் போயிற்று. பேரம் நியாயமானது என்றே இந்தச் செய்தியாளர் கருதுகிறார். 2022 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து தில்லி வந்த ஏர் இந்தியா விமானத்தில் சக பயணி மீது ஒருவர் சிறுநீர் கழித்ததாக எழுந்த புகாரும், அதற்காக 2023 ஜனவரியில் நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட 30 லட்சம் ரூபாய் அபராதமும் நினைவிருப்போர், மது வண்டிக்காக அதிகம் வருந்த மாட்டார்கள்.

வருத்தம் வேறு. மதுவை விட்டுக்கொடுத்துப் பெற்ற மலிவு, பண்டிகைக் காலத்தில் காணாமல் போகிறது. அன்று யார் குழந்தை என்று கேட்கப்பட்ட அந்த மகன் இப்போது ஷார்ஜாவில் இருக்கிறார்; மதுவைத் தொடுவதில்லை. கடந்த ஓணத்துக்கு அவர் ஊருக்கு வரவில்லை. குடும்பத்தில் நால்வருக்கான டிக்கெட் விலையைக் கேட்டுவிட்டுப் பயணத்தைக் கைவிட்டாராம்.