அறுந்த பெல்ற்றும் மறந்த அரிவாளும்

முற்றிய கதிர் உழவனுக்காகக் காத்திருப்பதில்லை. நாள் கடந்தால் மணி உதிரும். மழை தொடர்ந்தால் சாய்ந்த கதிரிலேயே நெல் முளைகொள்ளும். சென்ற தை மாதம் கிளிநொச்சியில் என் தம்பியார் வயலில் மூன்று ஏக்கர் எஞ்சியிருக்கையில், வாடகைக்கு வந்த அறுவடை இயந்திரம் நின்றுவிட்டது. அறுந்தது ஒரு பெல்ற். அந்த அளவு கொழும்பிலிருந்தே வரவேண்டும் என்றனர். வானமோ கருத்தது.

அரிவாள் தேடினோம், அகப்பட்டவை நான்கு. வெட்டத் தெரிந்தவரோ அறுபதைக் கடந்த இருவர். "அண்ணை, ஆளிருந்தால் இண்டைக்கே வெட்டிப்போடலாம்" என்றார் தம்பியார். பெல்ற் மூன்றாம் நாள் வந்தது. மழை இரண்டாம் நாளே வந்துவிட்டது. நெல்லிற் பாதி சேற்றோடு போயிற்று.

இயந்திரத்தைப் பழிப்பது என் கருத்தன்று. கூலியாள் அருகிய இக்காலத்தில் அதுவே உழவனின் கை. ஆயின் பெல்ற், சங்கிலி, வெட்டலகு முதலியன தேய்வன. அவற்றை அறுவடைக்கு முன்னரே சோதித்து, மாற்றுப் பொருள்களை அயலவர் கூடி வாங்கிவைத்தல் வேண்டும். இளைஞரும் ஆண்டுதோறும் ஒரு வரம்போரத்தையேனும் கையால் வெட்டிப் பழகுக. அரிவி, சூடு, பொலி என்னும் சொற்களை என் மாணவர் இன்று அகராதியில் தேடுகின்றனர். சொல்லை அங்கிருந்து மீட்கலாம்; கைப்பழக்கத்தை மீட்க அகராதி இல்லை.