'மே'யும் 'ஷல்'லும்

ஆங்கில இலக்கணத்திலே துணைவினைகள் என்று சில சிறு சொற்கள் உண்டு. 'கேன்', 'மே', 'மஸ்ட்', 'ஷல்' என்பன அவற்றுட் சில. வேறொரு வினையோடு சேர்ந்து நின்று, அச்செயலைச் செய்ய இயலுமா, செய்யலாமா, செய்தே தீரவேண்டுமா என்பதை உணர்த்துவது அவற்றின் தொழில். பள்ளிப் பிள்ளைகளின் பாடந்தானே என்று நம்மவர் பலர் இவற்றை அலட்சியம் செய்கின்றனர். அது பெரும் பிழை என்போம்.

'மழை பெய்யக்கூடும்' என்னுமிடத்து 'மே' என்பது நேரக்கூடியதைக் குறிக்கும். 'நீ உள்ளே வரலாம்' என்னுமிடத்து அநுமதியைக் குறிக்கும். அநுமதி பெற்றவன் வந்தே தீரவேண்டுமென்ற நிர்ப்பந்தம் இல்லை. 'ஷல்' என்பதோ தன்மையிடத்தில் எதிர்காலத்தைக் காட்டும் என்று பள்ளியிலே கற்கிறோம். சட்டத்தில் அது கட்டளையாக நிற்கும். தமிழில் 'செய்யலாம்' என்பதற்கும் 'செய்யவேண்டும்' என்பதற்கும் உள்ள தூரமே இவ்விரண்டுக்கும் உள்ளது.

அத்தூரம் எத்துணை பெரிது என்பதை நமது தேச சரித்திரமே காட்டிவிட்டது. 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 343-வது ஷரத்தை நோக்குக. யூனியனின் ஆட்சிமொழி ஹிந்தியே என்றவிடத்தில் 'ஷல்'. பதினைந்து ஆண்டுகளுக்கு ஆங்கிலம் தொடர்ந்து வழங்கும் என்றவிடத்திலும் 'ஷல்'. அதன்பின் ஆங்கிலத்தை வழங்கப் பார்லிமெண்டு சட்டம் செய்யலாம் என்றவிடத்திலோ 'மே'.

1963-ல் ஆட்சிமொழிச் சட்டம் பிறந்தபோது, ஆங்கிலம் தொடர்வது பற்றிய மூன்றாம் பிரிவிலும் 'மே'யே நின்றது. 'லாம்' எனில் 'வேண்டாம்' என்றும் ஆகக்கூடுமே என்று திராவிட முன்னேற்றக் கழகத்தார் ஆட்சேபித்தனர். இவ்விடத்தில் இரண்டுக்கும் பொருள் ஒன்றே என்றார் பண்டித நேரு. ஒன்றேயாயின் 'ஷல்' என்று எழுதத் தடை என்ன என்பது எதிர்த்தரப்பாரின் வினா. சொல் மாறவில்லை. கெடு முடிந்த 1965 ஜனவரியில் சென்னை ராஜ்யத்தில் மாணவர் கிளர்ச்சி மூண்டது. பல உயிர்கள் பலியாயின. ஒரு சொல்லே அனைத்துக்கும் காரணம் என்று நாம் கூறோம். ஆனால் அவநம்பிக்கை வளர அச்சொல் இடந்தந்தது என்பதில் ஐயமில்லை.

1967-ல் கொணர்ந்த திருத்தத்திலும் பழைய 'மே' அகலவில்லை. ஆயினும் ஹிந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத ராஜ்யங்களோடு யூனியன் நடத்தும் போக்குவரத்து ஆங்கிலத்திலேயே நிகழவேண்டும் என்று 'ஷல்' இட்டுக் காவல் செய்தனர். அந்த ராஜ்யங்களின் சட்டசபைகள் அனைத்தும் ஆங்கிலம் வேண்டாமெனத் தீர்மானிக்கும் வரை அக்காவல் நீங்காது என்பதற்கும் 'ஷல்'லே இட்டனர்.

சந்தர்ப்பத்தை நோக்கி நீதிமன்றங்கள் 'மே'யை 'ஷல்' எனவும், 'ஷல்'லை 'மே' எனவும் கொள்வதுண்டு. ஆதலின், நீதிபதி பின்னர்த் திருத்துவார் என்றிராமல், எழுதும்போதே தெளிவைக் கோருதல் நம் கடமை. பொதுவாழ்வில் ஈடுபட்டுள்ள அன்பர்களே! மசோதாவோ, உத்தரவோ, ஒப்பந்தமோ கைக்கு வந்தால், அதில் அடங்கிய வாக்குறுதியைக் கண்டு மகிழுமுன் அதன் துணைவினையைத் தேடுங்கள். தரலாம் என்றவன் தரவேண்டியவன் அல்லன்.