முதுமை எப்போது சுவையாகிறது?

வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொடுத்த சிவப்பு வைன் போத்தலை முன்னறைக் கண்ணாடி அலுமாரியில் நிற்க வைத்து, வருடம் ஏற ஏற அதன் மதிப்பும் ஏறும் என்று நம்புவது நம்மில் பலரின் வழக்கம். இந்த நம்பிக்கை பெரும்பாலும் பிழையானது. உலகில் விற்பனையாகும் வைனில் மிகப் பெரும் பங்கு சில வருடங்களுக்குள் குடித்து முடிப்பதற்காகவே தயாரிக்கப்படுகிறது. அதைப் பத்து வருடம் பூட்டி வைத்தால் பழத்தின் மணம் போய், வெறும் புளிப்புத்தான் மிஞ்சும். வைத்திருக்கத் தகுந்த வைனுக்கும் 12, 13 பாகை வெப்பம் வேண்டும், இருட்டு வேண்டும், தக்கை காய்ந்துவிடாமல் போத்தல் கிடையாகப் படுத்திருக்க வேண்டும். களனி ஆற்றோரத்துத் தாழ்நிலமான யட்டியாந்தோட்டையில் பகல் வெப்பம் வருடம் முழுவதும் 30 பாகையை ஒட்டியே நிற்கிறது. அங்கே அலுமாரியில் வைத்த போத்தல் முதிர்வதில்லை, வேகிறது. மாறுவதற்குரிய பொருள் உள்ளே இருந்து, மெதுவாக மாறுவதற்குரிய இடமும் அமைந்தால்தான் முதுமை சுவையாகும். பழைய வைனைச் சுவைக்கத் தெரிந்தவர் லேபலில் அச்சான ஆண்டோடு நின்றுவிடமாட்டார். அந்தப் போத்தலுக்கு இவ்விரண்டும் கிடைத்தனவா என்பதைக் கண்ணாலும் மூக்காலும் நாக்காலும் தேடுவார்.

உள்ளே நடப்பது என்ன? சிவப்பு வைன் திராட்சைத் தோலோடும் விதையோடும் சேர்ந்து புளிப்பதால், தோலின் நிறமியான அந்தோசயனினும் தோல், விதை இரண்டின் துவர்ப்பான டானினும் அதில் இறங்குகின்றன. இளம் வைன் பாக்கை மென்றது போல ஈறைப் பிடிப்பது இந்த டானினால்தான். வருடங்கள் போகப் போக நிறமியும் டானினும் ஒன்றோடொன்று பிணைந்து பெரிதாகின்றன. ஒரு பகுதி கரைந்து நிற்க முடியாமல் அடியில் வண்டலாகப் படிகிறது. நிறமும் துவர்ப்பும் சேர்ந்தே இறங்குவது இதனால். பழைய போத்தலைத் திறப்பதற்கு ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வைப்பார்கள். வண்டல் அடிக்குப் போன பிறகு, கழுத்துக்குப் பின்னால் வெளிச்சம் வைத்து, தெளிந்ததை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மெல்லச் சரிப்பார்கள். கழுத்தில் முதல் கருந்துகள் தெரிந்ததும் கை நின்றுவிட வேண்டும். கோப்பையை வெள்ளைத் துணிக்கு மேலே சாய்த்துப் பார்த்தால் நடுவில் மாணிக்கச் சிவப்பும் விளிம்பில் செங்கல் நிறமும் தெரியும். இளம் வைனில் அந்த விளிம்பு ஊதாவாக இருக்கும். மணமும் இடம் மாறியிருக்கும்: புதுப்பழ வாசனை ஒதுங்கி, உலர்ந்த பழம், பதனிட்ட தோல், புகையிலை, மழைக்காட்டுத் தரையில் உக்கும் இலை போன்றவை முன்னுக்கு வரும். விளிம்பு முழுக்கப் பழுப்பாகி மணத்தில் வினாகிரி மட்டும் எஞ்சியிருந்தால், லேபலில் எந்தப் புகழ்பெற்ற ஆண்டு இருந்தாலும் அது செத்த வைன்.

யட்டியாந்தோட்டைப் பக்கத்தின் சொந்தப் பானமான கித்துள் கள்ளை இதனோடு வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் துலங்கும். சீவிய பூங்குலையிலிருந்து முட்டியில் சொட்டும்போதே காற்றிலுள்ள மதுவங்கள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. காலையில் இனிக்கும் கள் மாலையில் கடுக்கிறது, அடுத்தடுத்த நாட்களில் புளித்துக் காடியாகிறது. டானின் இல்லை, காக்கும் அளவுக்கு மதுசாரமும் இல்லை. அதற்கு முதுமையே கிடையாது. ஆகவே, பதநீரைப் புளிக்கும் முன் காய்ச்சிப் பாணியும் கருப்பட்டியும் ஆக்கினார்கள். கரையோரத்தில் தென்னங்கள்ளை வடித்துச் சாராயமாக்கினார்கள். வடித்த சாராயத்துக்கு முதுமை உண்டு, ஆனால் மரத்துக்குள் இருக்கும்வரைதான். ஹல்மில்லை மரத் தொட்டிகளில் வருடக்கணக்காகக் கிடக்கும்போது கரடு போய் மெதுமை ஏறுகிறது. போத்தலில் அடைத்த அன்றே அந்த மாற்றம் அநேகமாக நின்றுவிடும். இருபது வருடம் அலுமாரியில் இருந்த சாராயம் அடைத்த நாளில் இருந்த அதே சாராயம்தான். போத்தலுக்குள்ளேயே மாறிக்கொண்டிருப்பது வைனின் குணம்.

இடத்தின் அருமை தமிழருக்குப் புதிதல்ல. பாரியின் பறம்பு மலையைப் பாடும் கபிலர் நிலத்தில் புதைத்து முதிர வைத்த தேறலைப் புறநானூற்றில் சொல்கிறார். மூங்கில் குழாயில் விளைந்த தேறலைத் திருமுருகாற்றுப்படை சொல்கிறது. மண்ணுக்குள் வெயில் எட்டாது, மூங்கிலுக்குள் காற்று அதிகம் புகாது. முதிர்வுக்கு எது வேண்டும் என்று அனுபவத்தில் கண்டவர்களின் ஏற்பாடு இது என்றே கொள்ளலாம். யவனர் கப்பலில் கொண்டுவந்த மது பாண்டியன் அவையில் பொற்கலத்தில் ஊற்றப்பட்டதும் புறநானூற்றுச் செய்திதான். 1945இல் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது, அத்தகைய மது வந்த மத்தியதரைக்கடல் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன.

பழைய வைனை ரசிப்பதெல்லாம் பணக்காரரின் பாவனை, பெயரைக் கேட்டுத்தான் நாக்கு சுவைக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் கையில் வலுவான சான்றும் இருக்கிறது. 2001இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, பிரான்சின் போர்டோ நகரில் வைன் படிக்கும் 54 மாணவர்களிடம், வெள்ளை வைனில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு வைனுக்குரிய சொற்களாலேயே அதன் மணத்தை விவரித்தார்கள். ரூடி குர்னியவான் என்பவர் கலிபோர்னியாவில் தன் வீட்டிலேயே கலவை செய்து, பழைய லேபல் ஒட்டி, அரிய போத்தல்களாகச் செல்வந்தர்களுக்கு விற்றார்; 2014இல் அவருக்குப் பத்து வருடச் சிறை கிடைத்தது. ஆண்டை வணங்குகிறவர் ஏமாறுவார் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஆனால் முதிர்வே கற்பனை என்ற முடிவுக்கு இது நம்மைக் கொண்டுபோகாது. 1976 மே 24ஆம் திகதி பாரிசில் லேபலை மறைத்து நடந்த போட்டியில் கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973 சிவப்பு வைன்களில் முதலிடம் பெற்றது. அமெரிக்க வைன் இளமையில் மயக்கும், பிரெஞ்சு வைன்தான் காலத்தைத் தாங்கும் என்று அப்போது சமாதானம் சொன்னார்கள். முப்பது வருடம் கழித்து, 2006இல் அதே நாளில் அதே சிவப்பு வைன்கள் மறுபடி சுவைக்கப்பட்டன. முதலாவதாக வந்தது ரிட்ஜ் மொண்டே பெல்லோ 1971. முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னியாவுக்கே போயின. புகழ் சொன்னது ஒன்று, போத்தலுக்குள் இருந்த பொருள் சொன்னது வேறொன்று. லேபலை மறைத்த பிறகும் தெரியும் முதிர்வைப் பாவனை என்று ஒதுக்க முடியாது.

இதைவிடக் கனமான மறுப்பு நம் தோட்டப்புறத்திலிருந்து வருகிறது. தவறணையும் கசிப்பும் எத்தனையோ லயத்து அடுப்புகளை அணைத்த மண்ணில் மதுவின் நயம் பேசலாமா? சாராயக் குத்தகை வெள்ளையர் அரசின் வருமானமாக இருந்த காலத்திலேயே தொழிலாளியின் கூலி தவறணைக்குப் போகத் தொடங்கிவிட்டது. 1964இல் நிதியமைச்சராக இருந்தவர் யட்டியாந்தோட்டையின் பாராளுமன்ற உறுப்பினர் என். எம். பெரேரா. கள் இறக்குவதற்கிருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்த அவர் வரவுசெலவுத் திட்டத்தில் முன்மொழிந்தபோது எழுந்த எதிர்ப்பு, இந்த நாட்டில் குடி எவ்வளவு ஆழமான காயம் என்பதைக் காட்டியது. மதுசாரத்தில் பாதுகாப்பான அளவென்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னதையும் மறுக்க வழியில்லை. முப்பது வருடம் முதிர்ந்த வைனிலும் மதுசாரம் மதுசாரம்தான். முதுமை அதன் கேட்டைக் குறைப்பதில்லை. குடிக்காதவர் குடிக்கத் தொடங்க இந்தக் கட்டுரை ஒரு காரணமும் தரவில்லை. ஆனால், ஒரு பொருள் காலத்தோடு எப்படி மாறுகிறது என்று சுவைத்தறியும் திறமை மதுவுக்கு மட்டும் சொந்தமானதல்ல. அறுசுவையில் துவர்ப்புக்குத் தனியிடம் கொடுத்த நமக்கு அந்தத் திறமை அந்நியமுமல்ல, அதைப் பழகுவதற்கான பொருள் யட்டியாந்தோட்டையைச் சுற்றியே விளைகிறது.

தேயிலைத் துளிரிலும் இருப்பவை வைன் டானினுக்கு உறவான துவர்ப்புப் பொருட்கள்தான். வாட்டிய கொழுந்தை அரைத்துப் பரப்பியதும் அவை காற்றோடு சேர்ந்து பிணைகின்றன. பளிச்சென்ற பொன்னிறமும் சுறுசுறுப்பும் தரும் தியாஃபிளேவினும், செம்பழுப்பும் கனமும் தரும் தியாருபிகினும் உண்டாகின்றன. வைனுக்கு வருடங்கள் எடுக்கும் மாற்றத்துக்கு உறவான ஒன்றை ஃபெக்டரி சில மணி நேரத்தில் முடித்து, சூளை வெப்பத்தால் நிறுத்திவிடுகிறது. பிறகு தேயிலைக்கு இறக்கம்தான்: நாளாக ஆகத் தியாஃபிளேவின் குறைகிறது, ஈரம் ஏறுகிறது, சாயம் மங்குகிறது. வைன் போத்தலில் ஆண்டு தேவைப்படுவது போலத் தேயிலைப் பைக்கற்றில் கொழுந்து பறித்த மாதம் தேவை. கொழும்பு ஏலத்தில் ஒவ்வொரு தொகுதியும் தோட்டத்தின் பெயரோடும் தரத்தோடும் போகிறது, அங்கே சுவைப்பவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். கலவையாகிக் கடைக்கு வரும்போது பெயரும் மாதமும் பெரும்பாலும் தொலைந்து, ‘இத்திகதிக்கு முன் பாவிக்கவும்’ என்பது மட்டும் மிஞ்சுகிறது. யட்டியாந்தோட்டை அடங்கிய சப்ரகமுவத் தோட்டங்களின் தேயிலையைப் பறித்த மாதத்தோடும் தோட்டப் பெயரோடும் உள்ளூர்க் கடைகளிலும் விற்க வேண்டும். அப்போது, ஜனவரிக் கொழுந்துக்கும் மழைக்காலக் கொழுந்துக்கும் உள்ள வேறுபாட்டை, அதைக் கிள்ளிய கைகளுக்குரியவர்களும் தங்கள் பிளேன்டீயில் பார்த்துச் சொல்ல வழி பிறக்கும்.