சொந்த சர்வரில் ஆன்லைன் கடை போடுவது எப்படி? ஓப்பன்கார்ட் இன்ஸ்டால் செய்த பிறகு மறக்கவே கூடாத வேலைகள் என்னென்ன?

இன்ஸ்டாகிராமில் சேலை, வாட்ஸ்அப் குரூப்பில் ஊறுகாய், வத்தல் விற்பவர்களுக்கு ஆர்டர் கொஞ்சம் பெருகியதும் வரும் அடுத்த ஆசை, 'நமக்குன்னு ஒரு வெப்சைட்'. மாதாமாதம் சந்தா கட்டும் ஷாப்பிஃபை போன்ற சேவைகள் ஒரு வழி. இலவசமாகக் கிடைக்கும் கடை சாஃப்ட்வேரை எடுத்து, நாமே வாடகைக்கு எடுத்த சர்வரில் போட்டுக்கொள்வது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழியில் இன்ஸ்டால் வேலை அரை நாளில் முடிந்துவிடும். ஆனால் அதன் பிறகு கடைக்கு முதலாளியும் நீங்கதான், ராத்திரி காவல்காரரும் நீங்கதான். அந்த அரை நாள் வேலையையும், பலரும் கோட்டை விடும் காவல் வேலையையும் பார்ப்போம்.

இலவசம் என்றால் எது இலவசம்?

வூகாமர்ஸ், பிரெஸ்டாஷாப், மெஜென்டோ, ஓப்பன்கார்ட் என இந்த வகையில் பல பெயர்கள் உண்டு. தமிழில் இவற்றைக் 'கட்டற்ற மென்பொருள்' என்கிறார்கள். கட்டணமற்ற என்பது வேறு, கட்டற்ற என்பது வேறு. நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற உரிமைதான் இதில் முக்கியம். விலை இல்லாமல் கிடைப்பது கூடுதல் லாபம்.

சர்வர் வாடகை, டொமைன் பெயர், பேமென்ட் கேட்வே கமிஷன் இதெல்லாம் இலவசம் கிடையாது. இந்தக் கட்டுரைக்கு ஓப்பன்கார்ட்டை எடுத்துக்கொள்வோம். சின்ன சர்வரிலும் ஓடும். அட்மின் பக்கமும் குழப்பமில்லாமல் இருக்கும்.

முதலில் என்னென்ன வேணும்?

ஒரு டொமைன் பெயர், ஒரு விபிஎஸ் சர்வர். விபிஎஸ் என்பது பெரிய கம்ப்யூட்டர் ஒன்றில் உங்களுக்கென்று தடுத்துக் கொடுத்த ஓர் அறை மாதிரி. வாடிக்கையாளர்கள் இந்தியாவில் இருந்தால் சர்வரும் மும்பை, பெங்களூரு, சென்னை போன்ற இடத்தில் இருப்பது நல்லது, பக்கம் சட்டென்று திறக்கும். அந்த சர்வரில் உபுண்டு, அபாச்சி, மரியாடிபி, பிஹெச்பி ஆகிய நான்கும் இருக்க வேண்டும். நான்கும் இலவசம்தான்.

டவுன்லோடு செய்யும் முன் ஒரு விஷயம். ஓப்பன்கார்ட் 3 வரிசைக்கு எழுதிய எக்ஸ்டென்ஷன்கள் 4 வரிசையில் அப்படியே வேலை செய்யாது. எனவே நீங்கள் பயன்படுத்தப் போகும் பேமென்ட் கேட்வே, கூரியர் நிறுவனம் ஆகியவற்றின் எக்ஸ்டென்ஷன் எந்த வெர்ஷனுக்குக் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு வெர்ஷனைத் தேர்வு செய்யுங்கள். முதலில் கடையைக் கட்டிவிட்டு, பிறகு 'பணம் வாங்க வழி இல்லையே' என்று முழிப்பவர்கள் நிறைய. 4 வரிசைக்கு பிஹெச்பி 8 அல்லது அதற்கு மேல் தேவை.

இன்ஸ்டால் செய்வது எப்படி?

டவுன்லோடு ஆகும் ஜிப் ஃபைலுக்குள் 'அப்லோடு' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அந்த ஃபோல்டரை அல்ல, அதற்குள் இருப்பதை மட்டும் சர்வரில் வெப்சைட்டுக்கான ஃபோல்டரில் போட வேண்டும்.

அடுத்தது டேட்டாபேஸ். மரியாடிபியில் கடைக்கென்று ஒரு டேட்டாபேஸும், அதை மட்டும் தொடக்கூடிய ஒரு யூசரும் உருவாக்குங்கள். எல்லா அதிகாரமும் உள்ள 'ரூட்' யூசரைக் கடைக்குக் கொடுக்க வேண்டாம். கல்லாப்பெட்டி சாவி கேட்டவரிடம் வீட்டுச் சாவிக்கொத்தையே நீட்டுவதற்குச் சமம் அது.

பிறகு 'கான்ஃபிக்-டிஸ்ட்' என்ற பெயரில் இரண்டு ஃபைல்கள் இருக்கும். ஒன்று வெளியே, இன்னொன்று அட்மின் ஃபோல்டருக்குள். இரண்டையும் 'கான்ஃபிக்' என்று பெயர் மாற்ற வேண்டும். சர்வர் அவற்றில் எழுத அனுமதியும் வேண்டும். அனுமதிச் சிக்கல் வந்தால், '777 கொடுத்துடுங்க, சரியாயிடும்' என்று யூடியூப் வீடியோக்களில் சொல்வார்கள். சரியாகத்தான் செய்யும், ஆனால் சர்வரில் இருக்கும் எவரும் அந்த ஃபைலில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று அர்த்தம். ஃபைல்களின் உரிமையை வெப் சர்வர் யூசருக்கு மாற்றிக் கொடுப்பதே முறை.

இப்போது பிரவுசரில் உங்கள் டொமைனைத் திறந்தால் இன்ஸ்டால் பக்கம் வரும். உரிம ஒப்பந்தம், சர்வர் பரிசோதனை, டேட்டாபேஸ் விவரம், அட்மின் பெயர், பாஸ்வேர்டு என்று வரிசையாகக் கேட்கும். பரிசோதனைப் பக்கத்தில் சிவப்பு தெரிந்தால் பெரும்பாலும் பிஹெச்பி துணைத் தொகுப்பு ஏதோ ஒன்று விடுபட்டிருக்கும். அதைச் சேர்த்துவிட்டுத் தொடரலாம்.

பாஸ்வேர்டு எதையும் டைப் செய்யும் முன்பே எஸ்எஸ்எல் சான்றிதழ் போட்டுவிடுங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு இதை இலவசமாகத் தருகிறது. 90 நாள்தான் செல்லும் என்பதால் தானாகப் புதுப்பிக்கும் செட்டிங் ஓடுகிறதா என்று ஒரு தடவை சோதியுங்கள். அது காலாவதியானால் வாடிக்கையாளர் கண்ணில் படுவது உங்கள் கடை அல்ல, 'இந்தத் தளம் பாதுகாப்பற்றது' என்ற எச்சரிக்கைதான்.

'இன்ஸ்டால் முடிந்தது' என்று வந்த பிறகு?

இங்குதான் பலர் கடையைத் திறந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

முதல் வேலை, 'இன்ஸ்டால்' ஃபோல்டரை அழிப்பது. அது அங்கேயே கிடந்தால், நீங்கள் பார்த்த அதே இன்ஸ்டால் பக்கத்தை வேறொருவரும் திறக்க முடியும். கடையை முதலில் இருந்து நிறுவித் தன் வசமாக்கிக்கொள்ள அவருக்கு வழி கிடைத்துவிடலாம்.

இரண்டாவது, 'ஸ்டோரேஜ்' ஃபோல்டர். பிழைப் பதிவுகள், அப்லோடு ஆன ஃபைல்கள் எல்லாம் இதில்தான் சேரும். இதை வெப்சைட் ஃபோல்டருக்கு வெளியே, பிரவுசரால் எட்ட முடியாத இடத்துக்கு நகர்த்த வேண்டும். மூன்றாவது, 'அட்மின்' ஃபோல்டரின் பெயர். ஓப்பன்கார்ட் கடை என்று தெரிந்ததும் தானியங்கி நிரல்கள் முதலில் தட்டிப் பார்ப்பது அந்தக் கதவைத்தான். அட்மினுக்குள் நுழைந்ததும் ஓப்பன்கார்ட் 4 இதையெல்லாம் ஒரு எச்சரிக்கைப் பெட்டியில் காட்டும். தயவுசெய்து அதை மூடிவிட்டுப் போகாதீங்க. கடைசியாக, கான்ஃபிக் ஃபைல்கள் இரண்டுக்கும் எழுதும் அனுமதியை எடுத்துவிட வேண்டும்.

ரூபாயும் ஜிஎஸ்டியும்

புதுக் கடையைத் திறந்தால் உள்ளே மேக்புக், ஐபோன் என்று மாதிரிப் பொருட்கள் அடுக்கியிருக்கும். விலை டாலரில், வரி பிரிட்டன் கணக்கில். பொருட்களை நீக்கிவிட்டு, கரன்சியில் ரூபாயைச் சேர்த்து அதையே பிரதானமாக்க வேண்டும்.

வரிக்கு இரண்டு 'ஜியோ ஸோன்' உருவாக்குங்கள். உங்கள் கடை தமிழ்நாட்டில் இருந்தால், தமிழ்நாடு ஒன்று, மற்ற மாநிலங்கள் ஒன்று. 5 சதவீத ஜிஎஸ்டி பொருள் என்றால் மாநிலத்துக்குள் சிஜிஎஸ்டி 2.5, எஸ்ஜிஎஸ்டி 2.5. வெளி மாநிலத்துக்கு ஐஜிஎஸ்டி 5. வரி விதிப்புக்கு உட்பட்ட பொருளை வெளி மாநிலத்துக்கு விற்றால், கைவினைப் பொருள் போன்ற சில விலக்குகள் தவிர, விற்றுமுதல் குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு தேவை.

2020-ல் வந்த மின் வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளும் உண்டு. அவற்றின்படி கடையின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, குறைதீர்ப்பு அதிகாரியின் தொடர்பு விவரம் ஆகியவை தளத்தில் தெரிய வேண்டும். ஒரே ஆள் நடத்தும் கடைக்கு அந்த அதிகாரியும் அநேகமாக நீங்களே!

ஆர்டர் வந்தும் மெயில் வரலையா?

புதிதாகக் கடை போட்டவர்களின் பொதுவான புலம்பல் இது. ஸ்பேம் அனுப்புபவர்களைத் தடுக்க, பல விபிஎஸ் நிறுவனங்கள் மெயில் போகும் 25-ம் எண் போர்ட்டை மூடியே வைத்திருக்கும். தனியாக ஒரு எஸ்எம்டிபி மெயில் சேவையை இணைத்தால் தீர்ந்தது. விளம்பரம் போடும் முன் நீங்களே ஒரு ஆர்டர் போட்டு, மெயில் வருகிறதா, பணம் வருகிறதா, ரீஃபண்ட் ஆகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கார்டு எண் உங்ககிட்ட வேண்டவே வேண்டாம்

ரிசர்வ் வங்கி விதிப்படி, 2022 அக்டோபர் 1 முதல் கார்டு கொடுத்த வங்கியும் கார்டு நெட்வொர்க்கும் தவிர வேறு யாரும் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது. எனவே பணம் கட்டும் நேரத்தில் வாடிக்கையாளரைக் கேட்வே நிறுவனத்தின் பக்கத்துக்கே அனுப்பும் முறையைத் தேர்ந்தெடுங்கள்.

அப்படிச் செய்தாலும் ஆபத்து முழுதாகப் போய்விடாது. கடைக்குள் நுழைந்த ஹேக்கர், அச்சு அசலாக ஒரு போலிக் கட்டணப் பக்கத்தை நடுவில் காட்டி எண்ணைத் திருடலாம். கடை வழக்கம்போல ஓடிக்கொண்டே இருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இது கற்பனை இல்லை. மெஜென்டோ சாஃப்ட்வேரின் முதல் தலைமுறைக்கு 2020 ஜூன் 30-ம் தேதியோடு பாதுகாப்பு அப்டேட்கள் நின்றன. நிற்கப் போகிறது என்று முன்பே அறிவித்தும், ஆயிரக்கணக்கான கடைகள் பழைய வெர்ஷனிலேயே இருந்தன. அதே ஆண்டு செப்டம்பரில், ஒரே வார இறுதியில் சுமார் 2,000 மெஜென்டோ கடைகளில் கார்டு திருடும் நிரல் நுழைக்கப்பட்டதை சான்செக் என்ற நிறுவனம் கண்டறிந்தது. அவற்றில் பெரும்பாலானவை அந்தப் பழைய வெர்ஷனில் ஓடியவை.

ஓப்பன்கார்ட், பிஹெச்பி, உபுண்டு மூன்றுக்கும் அப்டேட் வருகிறதா என்று வாரம் ஒரு முறையாவது பாருங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம், எக்ஸ்டென்ஷனை 'ஃப்ரீயா கிடைக்குது' என்று டெலிகிராமில் எடுப்பது, திருடனுக்குப் பின்கதவைத் திறந்து வைப்பதுதான். அப்டேட் செய்யும் முன் டேட்டாபேஸ், படங்கள், கான்ஃபிக் ஃபைல்கள் மூன்றையும் பேக்கப் எடுத்து, அதே சர்வரில் வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள். அந்த பேக்கப்பை வைத்துக் கடையை மறுபடி எழுப்ப முடிகிறதா என்று ஒரு முறை செய்து பார்த்தால்தான் அது பேக்கப். வாரத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்க முடியாது, ஆளும் வைக்க முடியாது என்றால் சந்தா சேவையே உங்களுக்கு மலிவு.

ஹேக் ஆகிவிட்டதாகச் சந்தேகம் வந்தால்?

கடையை உடனே 'பராமரிப்பு' நிலைக்கு மாற்றுங்கள். சர்வரை அழித்துவிட வேண்டாம், அதில் உள்ள பதிவுகள்தான் ஆதாரம். அப்படியே ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அட்மின், டேட்டாபேஸ், சர்வர் பாஸ்வேர்டுகளை வேறொரு கம்ப்யூட்டரில் இருந்து மாற்றுங்கள். பேமென்ட் கேட்வே நிறுவனத்திடம் சொல்லி அதன் ரகசியக் குறியீடுகளையும் மாற்றச் சொல்லுங்கள். நிறுவனங்கள் இத்தகைய சம்பவங்களைத் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 2022-ம் ஆண்டு உத்தரவு. யாருக்காவது பணம் பறிபோயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930.